சத்திரப்பட்டித் துணி ஜவ்வாது மலை ஏறுகிறது

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பக்கத்தில் நிற்பவரிடம் சற்று உரக்கத்தான் பேச வேண்டும். தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடுகிறது. அக்கம்பக்கத்துச் சமுசிகாபுரத்திலும் சங்கரபாண்டியபுரத்திலும் அதே சத்தம். சேலையோ வேட்டியோ நெய்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்க்கிறவருக்கு ஏமாற்றம்தான். கரை கிடையாது, பூ கிடையாது, சாயம் கிடையாது. பாவுக்கும் ஊடைக்கும் நடுவே எதிர்ச்சுவர் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டு, பழுப்பு நிறத்தில் ஒரு துணி சுருண்டு இறங்குகிறது. இதைக் கட்டிக்கொண்டு யாரும் கல்யாணத்துக்குப் போக முடியாது. வெட்டுக்காயம், தீக்காயம், பிரசவம், ஆபரேஷன் என்று உடம்பு திறந்துகொள்கிற இடத்துக்கு மட்டும் போகிற துணி. காஸ், பேண்டேஜ். வெளிமாநில ஆஸ்பத்திரிகளுக்கும் இந்த வட்டாரத்திலிருந்து லாரி போகிறது.

அங்கிருந்து வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் போனால் ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஜமுனாமரத்தூர் ஒரு பக்கம். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு இன்னொரு பக்கம். சாமையும் புளியும் பலாவும் தேனும் சந்தைக்கு இறங்கும் ஊர்கள். காவலூரில் 1986 முதல் 93 அங்குலத் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் மலையில் இருக்கிற ஒருவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டுமென்றால் கீழே இறங்கியே ஆக வேண்டும், வேலூருக்கோ சென்னைக்கோ. சத்திரப்பட்டித் துணியும் மலைக்காரரும் சந்திப்பது அங்கேதான். எந்தத் தறியில் நெய்தது எந்த நெஞ்சில் போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டியில் ஒட்டியிருக்கிற லாட் எண் ஒன்றுதான் அதன் ஜாதகம்.

பைபாஸைப் பற்றி எழுதுகிறவர்கள் கத்தி பிடித்த கையைப் பற்றித்தான் எழுதுவார்கள். என் கண் இந்தத் துணி மேல். இது கிருமியைக் கொல்வதில்லை, புண்ணை ஆற்றுவதும் இல்லை. தறியின் எண்ணெய், கஞ்சி, தூசி, உதிரி நூல், தொட்ட கைகளின் கிருமி எதையும் கூட்டிக்கொண்டு வராமல் வெறுமனே வந்து சேர வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்த வெறுமைக்காக வழிநெடுக எத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள் என்பது வெளியே தெரிவதில்லை.

பருத்தியில் இயற்கையாகவே மெழுகு உண்டு. செடியில் வெடித்த பஞ்சைப் பறித்து அப்படியே ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். நூலாகி, கஞ்சி ஏறி, தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியும் லேசில் தண்ணீரை ஏற்காது. ரத்தத்தை உறிஞ்ச வேண்டிய துணிக்கு இது சரிப்படாது. ஆகவே தறிக்கு அடுத்த இடம் ப்ளீச்சிங் பட்டறை. காஸ்டிக் சோடாவில் மணிக்கணக்கில் வேகவைத்தால் மெழுகும் கஞ்சியும் கழன்று போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுப்பைக் கொடுக்கும். அதன் பிறகு அலசல், அலசல், இன்னும் ஒரு அலசல். காரம் கொஞ்சம் தங்கிவிட்டால்கூடப் புண்ணில் எரியும். இந்த அலசலுக்கு ஆகிற தண்ணீரையும் அது விட்டுப்போகிற கழிவையும் மழை குறைந்த அந்த வட்டாரம்தான் சுமக்கிறது. ஆஸ்பத்திரி பில்லில் அந்தக் கணக்கு எங்கும் வருவதில்லை.

வெளுத்துக் காய்ந்த துணிக்குச் சோதனைகள் உண்டு. மருந்துச் சட்டத்தின் விதிகளில் டிரஸ்ஸிங் துணிகளுக்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த சோதனை மிக எளியது: துணியைத் தண்ணீரின் மேல் மெல்ல விட வேண்டும், பத்து விநாடிக்குள் அது தானாக மூழ்க வேண்டும். பருத்தியின் மெழுகு போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இன்னொன்று புற ஊதா விளக்கின் கீழ் பார்ப்பது. துணி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் வெளுப்பைக் கூட்டிக் காட்டும் ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், தள்ளுபடி. வேட்டிக்கு நீலம் போடலாம், காஸ் துணிக்குக் கூடாது.

பிறகு வெட்டல், மடிப்பு. இந்த மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காஸ் பேடைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தால், வெட்டிய ஓரம் எதுவும் வெளியே தெரியாதபடி உள்பக்கமாக மடித்து, மறுபடி மடித்து வைத்திருப்பது தெரியும். அழகுக்காக அல்ல. வெட்டிய ஓரத்திலிருந்து நூல் உதிரும். உதிர்ந்த நூலிழை உடம்புக்குள் தங்கினால் அதைச் சுற்றி உடம்பு கட்டியைக் கட்டிவிடும். இதயத்தின் மேல் ஓடும் ரத்தக்குழாய்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டம் உள்ளவை. அங்கே தையல் போடுகிறபோது ஒரு தும்பு குழாய்க்குள் நுழைந்தால் போதும், செய்த வேலை வீண். அதனால்தான் நெஞ்சுக்குள் காய்ந்த துணியை வைக்க மாட்டார்கள், உப்புநீரில் நனைத்துப் பிழிந்துதான் வைப்பார்கள். மடிக்கிற வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிகளில் நைட் டியூட்டி நர்ஸுகள் தானுக்குத் தான் வெட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடித்து அடுக்குவார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளில் இன்றும் அப்படித்தான். நடுராத்திரிக் கதைகளில் பாதி அந்த மேசையில் பேசப்பட்டவை.

புண்ணில் பஞ்சு வைப்பது நமக்குப் புதிதல்ல. போர்க்காயத்தின் மேல் வைத்த பஞ்சை இன்னும் எடுக்காமலே நிற்கும் வீரர்கள் புறநானூற்றின் 353-ஆம் பாட்டில் வருகிறார்கள். காயம்பட்டவன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, புகை போட்ட வழக்கத்தை 281-ஆம் பாட்டு சொல்கிறது. நோய் எதிலிருந்து வருகிறது என்று தெரியாதபோதும் காயத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே எதையாவது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டிலும் பழைய லினன் துணியைக் கிழித்துச் சுரண்டி எடுத்த பிசிறைத்தான் காயத்தில் திணித்தார்கள். கிழிக்கிற கை கழுவிய கையா என்று கேட்க ஆளில்லை. ஜோசப் லிஸ்டர் 1867-ல் கார்பாலிக் அமிலத்தைப் பற்றி எழுதிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே அவர் இந்த மெல்லிய காஸ் துணியைக் கார்பாலிக்கிலும் பிசினிலும் தோய்த்துக் கட்டத் தொடங்கினார். அதாவது துணியில் மருந்தை ஏற்றி அனுப்பினார். நாம் இன்று செய்வது அதற்கு நேர் எதிர். துணியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அனுப்புகிறோம்.

இறக்கும் வேலையின் கடைசிப் பகுதி ஆஸ்பத்திரியின் அடித்தளத்திலோ பின்கட்டிலோ நடக்கும். சிஎஸ்எஸ்டி என்பார்கள், கருவிகளையும் துணிகளையும் கிருமி நீக்கி அனுப்பும் பிரிவு. எவ்வளவு வெளுத்திருந்தாலும் சத்திரப்பட்டியிலிருந்து பண்டலில் வந்த துணியில் கிருமி இருக்கத்தான் செய்யும், முக்கியமாக மண்ணில் வாழும் கிருமிகளின் வித்துகள். சாதாரணக் கொதிநீரில் அவை சாகா. ஆட்டோகிளேவில் அழுத்தமேற்றிய நீராவி வேண்டும்: 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். நடுவில் இருக்கிற மடிப்பு அந்தச் சூட்டைத் தொட்ட பிறகு ஆரம்பமாகிற கணக்கு இது. இட்லிப் பானையில் தட்டுகளைத் திணித்து நெருக்கி வைத்தால் நடு இட்லி மாவாகவே நிற்குமே, டிரம்மில் துணியை அமுக்கி அடைத்தாலும் அதே கதிதான். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் அங்கே நீராவி போகாது. அனுபவப்பட்ட டெக்னீஷியன் டிரம்மை நிறைத்துவிட்டுக் கையைச் செங்குத்தாக உள்ளே விட்டுப் பார்ப்பார். கை தடையில்லாமல் இறங்கினால் நீராவியும் இறங்கும்.

பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் வெளிர்க் கோடுகள் சூடு பட்டதும் கறுத்துவிடும். கோடு கறுத்துவிட்டது, கிருமி போய்விட்டது என்று பல பேர் நினைக்கிறார்கள். பொட்டலம் இயந்திரத்துக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டுமே அந்தக் கோடு சாட்சி. உண்மையான சாட்சியம் வேறு: சூட்டுக்கு லேசில் மசியாத ஒரு கிருமியின் வித்துகளைச் சின்னக் குப்பியில் அடைத்து, துணிகளோடு உள்ளே அனுப்பி, வெளியே எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். வளரவில்லை என்றால்தான் இயந்திரம் தேறியது. இதெல்லாம் சரியாக நடந்து, பொட்டலம் ஈரமாக வெளியே வந்தால்? தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். ஈரத் துணி வழியே வெளிக்கிருமி உள்ளே ஏறிவிடும். ஈரப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிற டெக்னீஷியனுக்கும், தியேட்டரில் காத்திருக்கிறவர்களுக்கும் நடக்கிற வாக்குவாதத்தில் நான் எப்போதும் டெக்னீஷியன் கட்சி.

தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கி, ஒவ்வொன்றாகக் காகித உறையில் அடைத்து வரும் பேடுகளும் உண்டு. அவற்றில் சில எத்திலீன் ஆக்சைடு வாயுவிலும் சில காமாக் கதிரிலும் சுத்தமாகின்றன. 1974-ல் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் தொடங்கிய ஐசோமெட் என்ற நிலையம்தான் மருத்துவப் பொருட்களுக்குக் காமாக் கதிர் காட்டுவதில் நம் நாட்டின் முன்னோடி.

இனி மலைக்காரரின் பக்கம். துணி வெறுமையாக வருகிறது. ஆனால் மனிதர் அப்படி வர முடியாதே. பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. பைபாஸுக்குப் பின் நெஞ்செலும்பில் சீழ் வைக்கிற முக்கியக் கிருமிகளில் அதுவும் ஒன்று. அதாவது ஆபத்து பல நேரங்களில் நோயாளி தானே கொண்டுவந்தது. அதனால் ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் மூக்கில் முப்பிரோசின் களிம்பு தடவச் சொல்வார்கள். முதல்நாள் ராத்திரியும் அன்று காலையும் குளோரெக்சிடின் கரைசலிலோ சோப்பிலோ குளியல். நெஞ்சு முடியை ரேஸரால் மழிக்கக் கூடாது, கிளிப்பரால் கத்தரிக்க வேண்டும். ரேஸர் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுப்போகும், அதில் கிருமி முளைக்கும். பல ஊர்களில் இன்னும் சவரக்கத்தியைத்தான் நம்புகிறார்கள்.

பீடி இன்னொரு பிரச்சினை. மலைக்குளிரில் பீடி கையைவிட்டு இறங்காது. புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, தைத்த இடம் ஒட்டுவதைத் தாமதமாக்குகிறது, ஆபரேஷனுக்குப் பிறகு இருமலையும் கூட்டுகிறது. குறைந்தது நாலு வாரம் முன்னதாகவே விட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

பைபாஸில் காயம் ஒன்றல்ல, இரண்டு. நெஞ்சில் ஒன்று, காலில் நீளமாக இன்னொன்று, ஊர்ப்பேச்சில் ‘கால் நரம்பை எடுத்து நெஞ்சில் வைத்தார்கள்’ என்பது அதுதான். அடைபட்ட இதயக் குழாயைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போக மாற்றுப்பாதைக்கு அந்தக் காலின் ரத்தக்குழாய் பயன்படுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ 1967-ல் நிலைநாட்டிய முறை. இந்தியாவில் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கே.எம்.செரியன் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். இன்று முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கும் அது கிடைக்கிறது. கால் காயத்தில் சீழ் வைப்பதுதான் அதிகம். தொல்லை, ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. நெஞ்செலும்பின் ஆழத்தில் சீழ் வைப்பது நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான். வந்துவிட்டால் எலும்பை மறுபடி திறக்க வேண்டும், வாரக்கணக்கில் படுக்கை, சிலருக்கு மரணம்.

தியேட்டரில் முதலில் பாய்வது கத்தி அல்ல, ஆன்டிபயாடிக். கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபாசோலின் போன்ற மருந்து ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். கீறிய பிறகு போடும் ஊசிக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆபரேஷன் நாலு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ். முடிந்து ஓரிரு நாளில் நிறுத்திவிட வேண்டும். வாரக்கணக்கில் போட்டால் காயத்துக்கு நன்மை கூடாது, மருந்துக்கு மசியாத கிருமிதான் வளரும். ‘நல்லா ஸ்ட்ராங்கான ஊசியா பத்து நாளைக்குப் போடச் சொல்லுங்க’ என்று கேட்கிற உறவினர்களுக்கு இதைப் புரியவைப்பது டாக்டர்களுக்குப் பெரும்பாடு.

அடுத்துதான் துணி மேசைக்கு வரும். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி எண்ணுவார், எதிரில் நிற்கிற நர்ஸ் கூடவே எண்ணிப் பலகையில் எழுதுவார். ஆரம்பத்தில் ஒரு எண்ணிக்கை, நெஞ்சை மூடுமுன் ஒன்று, தோலைத் தைக்குமுன் ஒன்று. நெஞ்சுக்குள் போகிற துணி ஒவ்வொன்றிலும் நீல நூல் ஒன்று ஓடும். பேரியம் கலந்த நூல், எக்ஸ்ரேயில் தெரியும். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தேட வேண்டும். ரத்தத்தில் ஊறிய காஸ் கண்ணுக்குச் சதை மாதிரியே தெரியும், கையால் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. உள்ளே மறந்து விட்ட துணியால் வருஷங்கள் கழித்தும் சீழ்க்கட்டி வந்த நோயாளிகளை மருத்துவ நூல்கள் பதிவு செய்து வைத்திருக்கின்றன. நனைந்த துணிகளை எடை போட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. கூடுகிற ஒரு கிராமுக்குச் சுமார் ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போயிருக்கிறது என்று மயக்க மருந்து டாக்டர் கணக்குப் போடுவார்.

வேலை முடிந்ததும் பிளந்த நெஞ்செலும்பை எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுவார்கள், ஆறு முதல் எட்டு கம்பி. இறுக்கம் முக்கியம். கம்பி தளர்ந்து எலும்பு ஆடினால் அந்த இடுக்கில் கிருமி இறங்கும். தோலைத் தைத்து, சுத்தம் செய்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காஸ் பேடு. நீல நூல் இல்லாதது. வெளிக்கட்டுக்கு நீல நூல் துணி வைத்தால் பின்னால் எக்ஸ்ரேயில் பார்க்கும்போது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற குழப்பம் வரும்.

வெள்ளிச்சத்து ஏற்றியது, ஜெல் பூசியது, நுரை வைத்தது என்று விலை உயர்ந்த டிரஸ்ஸிங்குகள் மார்க்கெட்டில் ஏராளம். தையல் போட்டு மூடிய காயத்தில் கிருமி வராமல் தடுப்பதற்கு அவற்றைச் சாதாரண டிரஸ்ஸிங்குக்குப் பதிலாக வைக்க வேண்டாம் என்றுதான் 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி பரிந்துரைத்தது. அவை மேலானவை என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. சத்திரப்பட்டிக்காரர்கள் இதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகு 48 மணி நேரம் கட்டைப் பிரிக்காமல் இருப்பதே நல்லது. அதற்குள் தோலின் மேல்மட்டம் ஒட்டி மூடிக்கொள்ளும். எட்டிப் பார்க்க ஆசைப்பட்டு அடிக்கடி பிரித்தால் வார்டுக் காற்றுக்கும் கைகளுக்கும் வழி திறந்துவிட்ட மாதிரிதான். அந்த இரண்டு நாளில் துணிக்குக் கீழே நடப்பதைவிட ரத்தத்தில் நடப்பது முக்கியம். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இதய ஆபரேஷன் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் விட்டுவிட்டு இன்சுலின் போடுவதற்குப் பதிலாக, ரத்தக்குழாய் வழியே இடைவிடாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்த்தார்கள். நெஞ்செலும்பின் ஆழத்தில் சீழ் வைப்பது நூற்றுக்கு 2 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததை 1999-ல் வெளியிட்டார்கள். அதே துணி, அதே கம்பி, அதே கத்தி. சர்க்கரை மட்டும் கட்டுக்குள் வந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பதே ஆபரேஷனுக்கு ரத்தம் எடுத்த அன்றுதான் தெரியவருகிறவர்கள் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021-ல் தொடங்கிய பிறகு வீட்டு வாசலிலேயே சர்க்கரை பார்க்கிறார்கள். நெஞ்சுக் காயத்தைக் காப்பாற்றுகிற வேலை உண்மையில் அந்த வாசலில் தொடங்குகிறது.

ஒரு வாரம் போல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நம் மலைக்காரர் மலை ஏறுகிறார். பையில் மாத்திரைகளோடு நாலு காஸ் பொட்டலம், ஒரு பிளாஸ்டர் சுருள். போளூர் வழியாகவோ திருப்பத்தூர் வழியாகவோ வளைவு வளைவாக ஏறுகிற ரோடு. பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் கையை ஊன்றிப் பிடித்தால் முறுக்கிய கம்பியின் மேல் நேரடியாக இழுப்பு விழும். பஸ்ஸில் ஜன்னலோரம், நெஞ்சோடு அணைத்துக்கொண்ட ஒரு தலையணை. இருமல் வந்தால் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரும வேண்டும். மூன்று மாதத்துக்குச் சுள்ளிக்கட்டு தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, புளி உலுக்க மரம் ஏறக் கூடாது. ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் அந்த மூன்று மாதத்தில் என்ன ஆகும் என்பதற்குச் சொல்லிவிடுகிற டாக்டரிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. தேன் தடவு என்பார்கள். ஜவ்வாது மலையில் தேனுக்குப் பஞ்சமில்லை, அதற்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பதும் உண்மைதான். அடர்த்தியும் புளிப்பும் அதிலிருந்து ஊறும் பெராக்சைடும் கிருமிக்கு ஆகாதவை. ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்கு வைக்கும் தேனும் இருக்கிறது, ஆனால் அது காமாக் கதிர் காட்டி வித்துகளைக் கொன்ற தேன். பாறையிடுக்கிலிருந்து இறக்கி வடிகட்டிய தேனில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகூட இருக்கக்கூடும். அந்தத் தேனைத் தினைமாவோடு சாப்பிடலாம், புதுத் தையலின் மேல் வழித்து விட வேண்டாம். மஞ்சளுக்கும் சாம்பலுக்கும் இதையே சொல்ல வேண்டும்.

ஆரோக்கியமாக ஆறுகிற காயத்துக்கு இந்தக் கட்டத்தில் வேண்டியது சோப்பும் சுத்தமான தண்ணீரும். மெல்லக் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, காற்றுப்பட விட்டால் போதும். இங்கேதான் துணைச் சுகாதார நிலையத்தில் ஒரு சின்னச் சண்டை நடக்கும். கட்டு மாற்றிக்கொள்ள வந்தவரிடம் நர்ஸ், ‘காஞ்சிடுச்சு தாத்தா, கட்டு வேணாம், அப்படியே விடுங்க’ என்பார். ‘என்னம்மா இது, நெஞ்சையே பொளந்து வெச்சிருக்காங்க, ஒரு துணிகூட போடாம அனுப்புறியே’ என்று அவருக்குக் கோபம். கட்டுப் போடாமல் அனுப்பினால் கவனிக்கவில்லை என்று தோன்றிவிடுகிறது. வியர்வையில் ஊறிய பழைய கட்டு நாலு நாள் நெஞ்சில் கிடப்பதைவிட வெறும் நெஞ்சு மேல் என்பதை நம்பவைக்க, கட்டுப் போடுவதைவிட அதிக நேரம் பேச வேண்டியிருக்கிறது.

பார்க்க வேண்டிய அடையாளங்களைச் சொல்லிவைப்பதுதான் இந்தப் பேச்சின் முக்கிய பகுதி. திரும்பி வரும் காய்ச்சல், தையலோரம் சிவந்து பரவுவது, கலங்கிய நீரோ சீழோ கசிவது, இருமும்போதோ படுக்கையில் புரளும்போதோ நெஞ்சில் ‘கடக்’கென்று ஒரு சத்தம். கடைசியில் சொன்னது எலும்பு சேராமல் ஆடுகிறது என்பதன் அறிகுறி. ஆழத்தில் வைக்கும் சீழ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு, இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் தலைகாட்டும். அதனால் பல நாடுகளில் நெஞ்சுக் காயத்தை 90 நாள் வரை கண்காணிப்புக் கணக்கில் வைக்கிறார்கள். செல்போன் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டிய ஊரில் 90 நாள் கண்காணிப்பு என்பது அந்த நர்ஸின் கால்களை நம்பித்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எடுத்துப் போட்ட துணிகள் எல்லாம் மஞ்சள் பைக்குள் போய்விட்டன. 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட காஸுக்கு மஞ்சள் பைதான், அங்கிருந்து எரி உலை. மலைவீட்டில் பிரித்த கட்டுக்கு மஞ்சள் பை கிடையாது. கொல்லையில் அடுப்புச் சாம்பல் கொட்டுகிற குழியில் போட்டுக் கொளுத்துகிறார்கள், சிலர் குப்பையோடு வீசுகிறார்கள், நாய் இழுத்துக்கொண்டு போகிறது. துணைச் சுகாதார நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்தால் அவர்கள் பையில் சேர்த்துக்கொள்ளலாம். இப்படி யாரும் சொல்லி அனுப்புவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கு ஒரு வரி போதும்.

தாத்தா பையில் கொண்டுவந்த நாலு பொட்டலத்தில் இரண்டு பிரிக்காமல் மிஞ்சின. நர்ஸ் அவற்றை வாங்கித் தேதியைப் பார்த்தார்: உறை கிழியவில்லை, ஈரம் படவில்லை, காலாவதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அலமாரியில் வைத்தார். சாமை அறுப்புக் காலம். அருவாள் பட்ட விரலோடு யாராவது வருவார்கள்.